டாபி எந்த வீட்டு நாய்?

ஒரு குழந்தையைக் கடித்த நாயை, அந்தக் குழந்தையே வேண்டும் என்று கேட்கும்போது, திரும்பக் கொடுக்கலாமா?

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இதற்கும் ஒரு பதில் சொல்லி, எழுதி, கையெழுத்தும் போட்டேன். அந்தப் பதில் சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கைவிடப்பட்ட காக்கர் ஸ்பேனியல் நாய்களை எடுத்துவந்து, வைத்தியம் பார்த்து, புது வீடு தேடிக் கொடுக்கும் சிறிய காப்பகம் அது. போத்தனூரில் ஒரு வாடகை வீட்டில் நடக்கிறது. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்களும் என்னை 'ரிட்டயர்டு ஆபீசர்' என்று கேலி செய்வார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. போன மாதம் அவர்கள் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்குப் போன் போட்டா உங்க பாப்பா எந்திரிச்சுக்குது. பேசாம எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருங்க" என்றார்கள். அவர்களுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. எதைப் பற்றி எழுதினாலும் டாபியிடமே வந்து நின்றது. அதனால் டாபியைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

காக்கர் ஸ்பேனியல் பார்த்தவுடன் மனதை மயக்கும் நாய். நீளமான காது, பட்டுப்போல் முடி, எப்போதும் எதையோ கேட்பது போன்ற கண். அந்தக் காதுக்காகத்தான் வாங்குகிறார்கள், அந்தக் காதுக்காகத்தான் விட்டுவிட்டும் போகிறார்கள். கனமான காதுமடல் துவாரத்தை மூடியே இருக்கும். உள்ளே காற்றுப் போகாது. ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் மூன்றாவது மாதம் வீடே நாறும். 'வெளிநாடு போகிறோம்', 'வீடு மாறுகிறோம்' என்று காரணம் சொல்லி எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். காதைத் தூக்கி முகர்ந்து பார்த்தால் உண்மையான காரணம் தெரிந்துவிடும்.

முதல் வருடம் முழுக்க நான் செய்தது காது துடைப்பதுதான். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாயின் எதிரே உட்காரக் கூடாது, பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். மடலைத் தூக்கி, துடைப்பதற்கு முன்னால் முகர வேண்டும். நல்ல காதுக்கு வாசனையே இருக்காது. புளித்த மாவு வாசனை வந்தால் பூஞ்சை. அதைவிட மோசமாக இருந்தால் கைவைக்காமல் நேராக டாக்டரிடம். துடைக்கும் மருந்தை ஊற்றி, காதின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்து பிசைந்தால் சேற்றில் கால் வைத்தது போல் சளக் சளக் என்று கேட்கும். பிறகு கையை எடுத்துவிட்டு விலகி உட்கார வேண்டும். நாய் தலையை உதறும். உங்கள் முகத்தில் தெறிக்கும். மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் எடுத்தால் போதும், உள்ளே குச்சி விடவே கூடாது. சாப்பாட்டு நேரத்தில் பழைய சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டுத் தலைவழியாக மாட்டினால் காது தட்டில் விழாது. பார்க்கக் கிழவி முக்காடு போட்டது போல் இருக்கும், சாப்பிட்டு முடித்ததும் கழற்றிவிடலாம்.

காப்பகத்தை நடத்துபவர் நிர்மலா மேடம். என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். முன்பு ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருந்தார். எருமைக் கடன் வாங்கியவர்கள் வீட்டில் எருமை நிஜமாகவே இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது அவர் வேலை. அந்தப் பழக்கத்தை அப்படியே நாய்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"எருமை நல்லா இருக்குதுங்களான்னு கேட்டா, நல்லா இருக்குதுங்கன்னுதான் சொல்லுவாங்க அம்மணி. நம்ம பக்கத்துல யாரும் மூஞ்சிக்கு நேரா குறை சொல்ல மாட்டாங்க. எருமை இப்ப எங்க கட்டியிருக்குதுங்கன்னு கேளு. இருக்கறவன் டக்குனு சொல்லுவான். வித்துப்போட்டவன் பொண்டாட்டி மூஞ்சியப் பார்ப்பான்."

அதனால் நாய் கொடுத்த வீடுகளுக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது நாங்கள் நலம் விசாரிப்பதில்லை. "இப்ப எங்க படுத்திருக்கான்?" என்பது மட்டும்தான் கேள்வி. "டிவி ஸ்டாண்டுக்கு அடியில", "என்ற கால் மேலதான்" என்று உடனே பதில் வந்தால் நாய் நன்றாக இருக்கிறது. "இங்கதாங்க, வெளியில" என்று இழுத்தால் மறுநாள் காலையில் நாங்கள் அங்கே இருப்போம்.

வீடு பார்க்கப் போவதில் மேடத்துக்கு இன்னொரு கறாரான பழக்கம் இருந்தது. மாலை ஐந்தரைக்குத்தான் போவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, குக்கர் கத்தி, வீடு வீடாக இருக்கும் நேரத்தில். போய் உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் காப்பி வரும். நம் ஊரில் வராத வீடு உண்டா. "ஆறட்டுங்க" என்று எதிரே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். காது யார் துடைப்பீர்கள், எங்கே வைத்துத் துடைப்பீர்கள், நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள். எல்லாம் முடிந்ததும், கூட்டிப்போயிருக்கும் நாயின் காதை அந்த வீட்டுக்காரர்களே ஒருமுறை எங்கள் முன்னால் துடைத்துக் காட்ட வேண்டும். அது முடிந்து அந்தக் காப்பியை எடுத்துக் குடித்தால் நாய் அவர்களுக்கு. "இன்னிக்கு வயிறு சரியில்லீங்க" என்று சொல்லி எழுந்துவிட்டால் கிடையாது.

ஏன் மேடம் முதலிலேயே குடித்துவிடக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தரு ஊட்ல காப்பி குடிச்சுப்போட்டு அவங்களுக்கே இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு வருமா?"

அந்தியூரிலிருந்து ஒருவர் நாய் கேட்டு வந்திருந்தார். குதிரைச் சந்தையில் பார்ப்பது போல் நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், நான்கு காலையும் தூக்கிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்து யாரும் சொல்லாமல் காதைத் தூக்கி முகர்ந்தார். "சுத்தமா வெச்சிருக்கறீங்" என்றார். அவர் வீட்டைப் பார்க்கப் போனபோது மேடம் இரண்டு டம்ளர் காப்பி குடித்தார்.

இனி டாபி.

பெயருக்கேற்ற மாதிரி டாபி மிட்டாய் நிறத்தில் ஓர் ஆண் நாய். எங்களிடம் வரும்போது ஐந்து வயது. சாதுவானவன். காது ரணமாகி வந்தான், இரண்டு மாதத்தில் சரியானது. சூலூரிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று நாய் கேட்டு எழுதியிருந்தது. அம்மா செல்வி, அப்பா பழனிச்சாமி, ஒரே பையன் கவின், ஐந்து வயது. அது பிப்ரவரி மாதம். எனக்கு மசக்கை ஆரம்பித்திருந்தது, நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மேடத்துக்கு வேறு வேலை இருந்ததால் டாபியைக் கூட்டிக்கொண்டு தனியாகத்தான் போனேன்.

நல்ல வீடு. தறிச் சத்தம் கேட்காத பக்கமாக முற்றம், நிழல், தண்ணீர்க் குழாய். கவின் டாபியைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. தரையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். டாபியே போய் அவன் மடியில் தலையை வைத்தான். செல்வி காப்பி கொண்டுவந்தார். வெயிலில் வந்த தலைச்சுற்றல், காப்பி வாசனைக்கே வயிறு புரண்டது. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

பிறகு காது துடைத்துக் காட்டச் சொன்னேன். பழனிச்சாமி சிரித்தார்.

"ஏனுங் அம்மணி, எங்கப்பன் காலத்துல இருந்து மாடு கன்னு வெச்சுப் பழகினவிங்க நாங்க. ஒரு நாய்க் காது தொடைக்கத் தெரியாதுங்களா?"

வற்புறுத்தியிருக்க வேண்டும். என்னைவிட மூத்தவர், அவர் வீட்டில் உட்கார்ந்து அவர் கொடுத்ததைக் குடித்திருக்கிறேன், எப்படி 'எங்கே, செய்து காட்டுங்கள்' என்பது. படிவத்தில் 'துடைத்துக் காட்டினார்கள்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, டாபியை விட்டுவிட்டு வந்தேன்.

ஐந்து மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செல்வி டக்கென்று பதில் சொன்னார். "கவின் கட்டிலுக்கு அடியிலங்க." "கவின் ஸ்கூல் பை மேலங்க, எடுக்க உட மாட்டேங்கறான்." ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு நொடி தாமதம். "மோட்டார் ரூம்லங்க" என்றார்.

மறுநாள் காலையில் போனேன். எனக்கு ஆறாவது மாதம். மோட்டார் அறைக் கதவைத் திறந்ததும் வாசனை அடித்தது, விளக்கெண்ணெயும் பூண்டும் சீழும் கலந்த வாசனை. டாபி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி படுத்திருந்தான். என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டினான். கவினின் வலது கையில் கட்டு.

"வாசல் கேட்டுல கிழிச்சுக்கிச்சு" என்றான் கவின், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

செல்வி அவனை உள்ளே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்த வீட்டில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். விளக்கெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, கவினின் காதில் இரண்டு சொட்டு விடுவார். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்க அவர்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான். டாபி தலையை உதறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவனுக்கும் விட ஆரம்பித்தார். கவின் முடித்ததும் டாபி. இரண்டு பேரும் வரிசையாக உட்காருவார்களாம். எண்ணெய் உள்ளே தங்கி, அழுக்கு ஊறி, ரணம் பழையபடி வந்துவிட்டது. வலி தாங்காமல் இருந்தவனின் காதைக் கவின் கொஞ்சலாகப் பிடித்திருக்கிறான், டாபி கடித்துவிட்டான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மூன்று தையல். ஊசிகளும் போட்டார்கள்.

"என்ற பையனுக்குச் செய்யற மாதிரியேதானுங்க செஞ்சேன்" என்றார் செல்வி. "உங்களுக்குச் சொன்னா கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு கவின் ஒரே அழுகை. காது வலிச்சா நானுங்கூடத்தான் கடிப்பேன், டாபி என்னங்க பண்ணுவான்?"

டாபியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கவின் வெளியே வரவே இல்லை.

நிர்மலா மேடம் என்னைத் திட்டவில்லை. டாபியின் படிவத்தை எடுத்து, அந்த டிக் இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"செஞ்சு காட்டினாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"காப்பி குடிச்சியா?"

"குடிச்சேனுங்க."

படிவத்தை மூடிவிட்டார். அவ்வளவுதான். நான் அழுது முடிக்கும் வரை கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

டாபிக்கு மூன்று வாரம் வைத்தியம் நடந்தது. அந்த மூன்று வாரத்தில் செல்வி மூன்று முறை இரண்டு பஸ் மாறிப் போத்தனூர் வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காது துடைக்கக் கற்றுக்கொண்டார். மூன்றாவது முறை நான் சொல்லாமலேயே முதலில் முகர்ந்தார். "இன்னிக்குப் புளிப்பு கம்மியா இருக்குதுங்" என்றார். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் கை பதமாகவில்லை. காது ஆறியதும், "இப்பக் கூட்டிட்டுப் போலாங்களா?" என்று கேட்டார்.

எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. குழந்தையைக் கடித்த நாய் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. மேடம் எழுதியது. நியாயமான விதி, நானும் பலமுறை அதைச் சொல்லி நாய் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேடம் என்னிடம், "டாபி உன்ற ஃபைல். விதியைத் தளர்த்தோணும்னா காரணம் எழுதி நீயே கையெழுத்துப் போடு. நான் கேக்க மாட்டேன்" என்றார்.

காரணம் எழுதுவதென்றால் முதல் வரியில் என் தவறைத்தான் எழுத வேண்டும். துடைத்துக் காட்டச் சொல்லாமல் விட்டேன், அதனால் காதுக்குள் எண்ணெய் போனது, அதனால் வலி, அதனால் கடி. எழுதியிருக்கலாம். மேடத்துக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வயிற்றில் பிள்ளை அசையும்போது அந்த மூன்று தையல் கண்முன் வந்தது. மறுபடியும் கடித்தால், அடுத்த முறை கண்ணாக இருந்தால், யார் பதில் சொல்வது. 'விதிப்படி மறுக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று அன்றே எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

செல்வி சண்டை போடவில்லை. "செரிங்க" என்றார். டாபிக்காகக் கொண்டுவந்திருந்த துண்டை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒருமுறை கடித்திருக்கிறான் என்பதை மறைக்காமல் விளம்பரம் கொடுத்தோம். யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கூண்டிலேயே இருந்தான். செப்டம்பரில், எட்டாவது மாதத்தில், நான் அவனை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் அம்மா வாசலிலேயே, "வயித்துல புள்ளைய வெச்சுட்டு நாயைக் கூட்டிட்டு வாரா பாரு, இவளைப் படிக்க வெச்சதே தப்பு" என்றார். என் கணவர் கார்த்தி பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறார், எதையும் இரண்டு வார்த்தையில் முடிப்பவர். "எத்தனை நாளைக்கு?" என்றார். "வீடு கிடைக்கற வரைக்கும்" என்றேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

மகள் பிறந்த பிறகு நான் செய்த எல்லாவற்றையும் இந்தப் பெண்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறைக்கு நடுவே தடுப்பு. மகளையும் டாபியையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டதில்லை, குளிக்கப் போனால் இருவரில் ஒருவர் என் கூட. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காது. மகளின் பத்தாவது மாதத்தில் ஒருநாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே, அவள் எட்டி டாபியின் காதை முழுக் கையால் பிடித்து இழுத்துவிட்டாள். டாபி எழுந்தான், காதை விடுவித்துக்கொண்டான், குளியலறை வாசலில் போய்ப் படுத்தான். காது நன்றாக இருந்தால் டாபி கடிக்க மாட்டான். இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆறு வருடம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

ஆனால் அதை உறுதியாகச் சொல்கிறேன் என்றால், செல்விக்கு நான் சொன்ன 'இல்லை' என்ன ஆகிறது?

செல்வி காப்பகத்துக்குப் போன் செய்து என் எண்ணை வாங்கியிருந்தார். மாதம் ஒருமுறை கூப்பிடுவார். டாபி என்னிடம் இருக்கிறான் என்று மறைக்காமல் சொன்னேன். என்னை வயிறும் பிள்ளையுமாகப் பார்த்தவர்தான், ஆனால் பிள்ளை பிறந்ததை மட்டும் எப்படியோ சொல்லாமல் விட்டேன், அவரும் கேட்கவில்லை. போன மாதம் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்து அழுதுவிட்டாள்.

செல்வி கேட்டார். "பாப்பாங்களா, பையனுங்களா?"

"பாப்பாங்க."

"எத்தனை மாசம்?"

"ஒன்றரை வருஷம் ஆச்சுங்க."

"நல்லா இருக்கட்டுங்க." குரலில் கோபமே இல்லை. "எங்க ஊட்ல கொழந்தை இருக்குதுன்னு சொன்னீங்களே அம்மணி. அதான் கேட்டனுங்க."

அதற்குள் போனைக் கவின் வாங்கிவிட்டான். இப்போது ஒன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான்.

"ஆன்ட்டி, லீவு உடறாங்க. டாபியப் பார்க்க வாரோம். நான் காதுப் பக்கமே போக மாட்டேன். வால்கிட்ட மட்டும் உக்காந்துக்கறேன்."

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். பார்க்கத்தான் வருகிறார்கள் என்று செல்வி சொன்னார். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், எனக்குத் தெரியும்.

நிர்மலா மேடத்திடம் சொன்னேன். "விதியை உங்க ஊட்டுக்கே நீ தளர்த்திட்ட. இப்ப யாருக்கு அது மிச்சம் இருக்குது?" என்றார். செல்வியின் வீட்டைத் திரும்பப் பார்ப்பதென்றால் நான் போகக் கூடாது, அந்த இரண்டு பெண்கள்தான் போக வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

கார்த்தி, "ரெண்டு புள்ளைகளையும் உக்கார வை. டாபி யாருகிட்டப் போறானோ அவங்களுக்கு" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரையில் யார் அசையாமல் உட்காருகிறார்களோ, யார் கையில் தின்பண்டம் ஒட்டியிருக்கிறதோ, அவர்களிடம்தான் காக்கர் போகும். இத்தனை நாய்களைப் பார்த்த நான் அந்த முடிவை நாயின் தலையில் கட்ட முடியாது.

என் மகள் 'டாபி' என்பதைத்தான் முதல் வார்த்தையாகச் சொன்னாள். டாபி போய்விட்டால் ஒரு வாரம் தேடுவாள், பிறகு மறந்துவிடுவாள், அவள் வயது அப்படி. கவின் ஒன்றே முக்கால் வருடமாக மறக்கவில்லை. மறந்துவிடுவாள் என்பதற்காக ஒரு குழந்தையிடமிருந்து எடுக்கலாமா? மறக்கவில்லை என்பதற்காக, கையில் தழும்பு இருக்கும் இன்னொரு குழந்தையிடம் கொடுக்கலாமா? டாபிக்கு ஏழு வயது தாண்டிவிட்டது, மறுபடியும் ஒரு வீடு மாறுவது அவனுக்கு என்ன செய்யும்? இதில் எதுவுமே இல்லாமல், டாபியை அனுப்ப எனக்கு மனமில்லை என்பதுதான் உண்மையான காரணமாக இருந்தால்?

வீட்டில் பிள்ளையையும் நாயையும் சேர்த்து வளர்த்தவர்கள், ஒருமுறை கடிபட்ட பிறகும் நாயை வைத்துக்கொண்டவர்கள், அல்லது கொடுத்துவிட்டு வருத்தப்பட்டவர்கள், யாராக இருந்தாலும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பும்போது, டாபியின் கயிற்றை நான் யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.